தெய்வத்தின் மீது ஒரு வழக்கு

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

ஜப்பானியர் ஒரு மனிதரைச் சித்திரக் கதையின் தெய்வம் என்றே அழைக்கிறார்கள். அவர் பெயர் ஒசாமு தெசுகா. 1928 நவம்பர் 3-ஆம் நாள் பிறந்தார். 1989 பிப்ரவரி 9-ஆம் நாள் மறைந்தார். அறுபது ஆண்டு வாழ்வில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பக்கங்கள் வரைந்தார் என்று கணக்கிடுகிறார்கள். அந்தத் தெய்வத்தின் மீது ஒரு வழக்கும் நடந்து வருகிறது. வழக்குத் தொடுத்தவர்கள் அயலார் அல்லர்; அவர் வரைந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளே. அந்த வழக்கை நம் கல்லூரி நண்பர்கள் முன் எடுத்து வைக்க விரும்புகிறேன்.

நம் விடுதியில் இரவு பத்து மணிக்கு மேல் எந்த அறையின் கதவைத் தள்ளினாலும் ஒரு கைப்பேசியைச் சுற்றி நான்கு தலைகள் தெரியும். நருட்டோ ஓடும், ஒன் பீஸ் ஓடும், டெத் நோட் மூன்றாம் முறையாக ஓடும். ஓடி முடிந்ததும் விமரிசனம் தொடங்கும். அந்த விமரிசனத்தின் கூர்மையில் பாதி விடைத்தாளில் இருந்தால் நம் துறையின் தேர்ச்சி விழுக்காடு எங்கேயோ போயிருக்கும்! எது உயர்ந்த தொடர், எது இழுவை, எந்தக் கதையை ஆசிரியர் பாதியில் கைவிட்டார் என்று விடிய விடிய வாதம். அதில் நான் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. பேசுபவனின் உதடு மட்டும் அசைகிறது, உடல் மரம் போல் நிற்கிறது; ஓடுபவனின் பின்னால் ஒரே தெரு திரும்பத் திரும்ப வருகிறது; அடி விழும் கணத்தில் படம் உறைந்து போகிறது என்பதே அக்குறை. ஜப்பானியத் தொலைக்காட்சியில் அந்தக் குறைக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. அது 1963 ஜனவரி முதல் தேதி. பிறப்பித்தவர் தெசுகா.

பொம்மைப் படம் பார்க்கும் வயதா இது என்று கேட்கும் ஆசிரியப் பெருமக்களுக்காக ஒரு சொல் விளக்கம். மங்கா என்பது ஜப்பானியச் சித்திரக் கதை, மாங்காய் அன்று. அனிமே என்பது அச்சித்திரம் எழுந்து நடப்பது. முன்னது அச்சுத் தொழில், பின்னது ஆலைத் தொழில். ஒருவர் தனியே அறையில் அமர்ந்து மங்கா வரைந்துவிடலாம். அனிமேக்கு நூற்றுக்கணக்கான கைகள் வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் வழக்கின் பாதி விளங்கிவிடும்.

தெசுகா பிறந்தது ஒசாகாவை அடுத்த தொயோனாகாவில்; வளர்ந்தது தக்காரசுகா என்னும் ஊரில். பெண்களே ஆண் வேடமும் பூண்டு ஆடும் நாடகக் குழுவால் புகழ் பெற்ற ஊர் அது. பிற்காலத்தில் ஆண் உடை தரித்து வாளேந்தும் ஓர் இளவரசியை அவர் படைத்ததற்கு வித்து அந்த அரங்கத்தில்தான் விழுந்தது. தந்தையார் வீட்டிலேயே படம் காட்டும் கருவி வைத்திருந்தார். சாப்ளினும் டிஸ்னியும் அவ்வீட்டுச் சுவரில் ஓடினர். தாயார் சித்திரக் கதைகளை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு குரல் வைத்துப் படித்துக் காட்டுவாராம். சுருட்டை முடியும் மெலிந்த உடலும் கொண்ட பிள்ளையைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் பாடாய்ப் படுத்தினர். அவன் வரையத் தொடங்கினான். வரைந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது, அடி நின்றது.

வரைவதற்கு அடுத்தபடி அவனுக்குப் பூச்சிகளின் மேல் பித்து. ஒசாமுஷி என்று ஜப்பானில் ஒரு தரை வண்டு உண்டு. தன் பெயரோடு ஒலி ஒத்திருக்கக் கண்ட சிறுவன், ஒசாமு என்னும் தன் பெயர் எழுத்தோடு பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்துக் கையொப்பமிடலானான். சாகும் வரை அதுவே அவருடைய புனைபெயர். பின்னாளில் அவர் தொடங்கிய படக் கம்பெனிக்கு முஷி புரொடக்‌ஷன் என்று பெயர் வைத்தார். முஷி என்றால் பூச்சி.

போர் வந்தது. பள்ளி மாணவர்களை ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். 1945 ஏப்ரலில், குண்டு வீச்சால் எரிந்து கிடந்த ஒசாகா நகரத்தில், ஏறக்குறைய ஆளில்லாத திரையரங்கு ஒன்றில் தெசுகா ஒரு படம் பார்த்தார். பீச் பழத்திலிருந்து பிறந்த மொமொதாரோ என்னும் கதைச் சிறுவனைக் கடற்படைத் தலைவனாக்கி, கடற்படையே பணம் கொடுத்து எடுப்பித்த முழுநீளச் சித்திரப் படம் அது. போர் முழக்கத்துக்காக எடுக்கப்பட்ட படம்தான். ஆனால் அதில் வீடு திரும்பும் வீரர்களின் அமைதியையும், பஞ்சு விதைகள் காற்றில் மிதப்பதையும் கண்டு அந்த இளைஞர் அழுதுவிட்டார். என்றேனும் ஒருநாள் நானும் இப்படி ஒரு படம் எடுப்பேன் என்று அன்று உறுதி பூண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். இரண்டு மாதம் கழித்து, தொழிற்சாலைக் கண்காணிப்புக் கோபுரத்தில் காவல் நின்றபோது தலைக்கு மேல் குண்டு மழை பொழிந்தது. அவர் தப்பினார்; சுற்றிலும் பிணங்கள். அவருடைய குழந்தைக் கதைகளில் சாவு ஏன் அத்தனை இயல்பாக வந்து போகிறது என்று வியப்பவர்கள் அந்த ஜூன் மாதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

போர் முடிந்தது. மருத்துவம் படித்துக்கொண்டே 1946 ஜனவரியில் சிறுவர் செய்தித்தாள் ஒன்றில் நான்கு கட்டப் படம் வரையத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, சக்காய் என்ற மூத்த ஓவியரின் கதையமைப்பில் 'புதிய புதையல் தீவு' வெளிவந்தது. மலிவுத் தாளில் அச்சிட்டு மிட்டாய்க் கடைகளில் விற்ற புத்தகம். நான்கு லட்சம் பிரதி விற்றதாகச் சொல்கிறார்கள். ஒரு சிறுவன் துறைமுகத்தை நோக்கிக் காரை விரட்டுவதில் கதை தொடங்குகிறது. கார் நெருங்குகிறது, விலகுகிறது, மறுபடி நெருங்குகிறது. நாடக மேடை போல் ஒரே தொலைவில் நின்று பார்த்துப் பழகிய கண்களுக்கு அது திரைப்படமாகவே தோன்றியது. அதைப் படித்துவிட்டே ஓவியரானோம் என்று சொன்னவர்கள் ஒரு தலைமுறை.

இங்கேயே ஒரு குறுக்கு விசாரணை எழுகிறது. திரைப்பட உத்தியைச் சித்திரக் கதைக்குள் முதலில் கொணர்ந்தவர் தெசுகாதானா? போருக்கு முந்திய ஓவியர் சிலரிடமும் அது இருந்ததை ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள். கோ இத்தோ என்ற விமரிசகர் 2005-இல் எழுதிய நூலுக்குத் தெசுகா இறந்துவிட்டார் என்ற பொருளில்தான் தலைப்பே வைத்தார். எல்லாவற்றையும் தெசுகாவிலிருந்து தொடங்கும் வழக்கம், அவருக்குப் பின் வந்ததைச் சரியாகப் பார்க்கவிடாமல் கண்ணை மறைக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனால் முதலில் செய்தவர் யார் என்பதைவிட, யாரைப் பார்த்து மற்றவர் செய்தார்கள் என்பது கலை வரலாற்றில் பெரிய கேள்வி. அங்கே தெசுகாவுக்கு இணை இல்லை.

1950-இல் வெள்ளைச் சிங்கத்தின் கதை. 1952-இல் அணுச் சிறுவன். 1953-இல் ஆணுடை இளவரசி. மூன்றும் ஒருவர் கையிலிருந்து நான்கே ஆண்டுகளில் வந்தவை. ஆஸ்ட்ரோ பாய் என்று உலகம் அறிந்த அணுச் சிறுவனின் கதை, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு எந்திரப் பையன் ஒருவன் வானில் பறந்து தீயோரை உதைக்கும் கதை. உள்ளே இருப்பதோ வேறு. விபத்தில் மகனைப் பறிகொடுத்த விஞ்ஞானி, அவனைப் போலவே ஓர் எந்திரம் செய்கிறார். அது வளரவில்லை என்று கண்டதும் வெறுத்து, சர்க்கஸ்காரனிடம் தள்ளிவிடுகிறார். மனிதனுக்காக உழைத்தும் மனிதனாக ஏற்கப்படாத பிறவி ஒன்றின் துயரமே அக்கதை. விஞ்ஞானத்தின் வெற்றி முழக்கம் என்று அதை ஊரார் கொண்டாடியது ஆசிரியருக்கே கசந்தது.

1952-இல் மருத்துவத் தேர்விலும் தேறினார். பின்பு குளத்து நத்தையின் விந்தணுவை ஆராய்ந்து 1961-இல் முனைவர் பட்டமும் பெற்றார். ஆனால் மருத்துவத் தொழில் செய்யவில்லை. எதில் விருப்பம் அதிகமோ அதைச் செய் என்று தாயார் சொன்னதே முடிவைத் தீர்த்தது என்பர். தோக்கியோவில் தோக்கிவா என்னும் மர வீட்டு மாடியில் ஒரு சிற்றறையில் குடியேறினார். இளம் ஓவியர் பலர் அவரைத் தொடர்ந்து அதே கட்டடத்துக்கு வந்தனர். அறையைக் காலி செய்தபோது வீட்டுக்காரரிடம் கட்டியிருந்த முன்பணத்தைப் பின்னால் குடிவந்த இருவருக்காக விட்டுச் சென்றார். அவ்விருவரில் ஒருவரே பிற்காலத்தில் டோரேமான் பூனையைப் படைத்தார். நம் வீட்டுக் குழந்தைகள் சாப்பாடு இறங்க வேண்டுமானால் கேட்கும் அதே பூனைதான்.

1955-இல் பெற்றோர் சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன. சித்திரக் கதை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று இயக்கம் நடத்தினார்கள். சில இடங்களில் பள்ளி வளாகத்திலேயே புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். அணுச் சிறுவனும் அந்தக் கண்டனத்துக்குத் தப்பவில்லை. இந்த எதிர்ப்பைத் தெசுகா தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாதது வேறு வகை எதிர்ப்பு. அது இளையவர்களிடமிருந்து வந்தது. 1957-இல் யோஷிஹிரோ தட்சுமி என்ற ஓவியர் தம் கதைகளுக்கு மங்கா என்ற பெயரே வேண்டாம், கெக்கிகா என்று சொல்லுங்கள் என்றார். நாடகச் சித்திரம் என்பது பொருள். உருண்டைக் கண்களும் நகைச்சுவையும் குழந்தைகளுக்கு. வேலை தேடி நகரத்துக்கு வந்து வாடகை நூல் நிலையத்தில் காசு கொடுத்துப் படிக்கும் இளந்தொழிலாளிக்கு அவன் படும் பாடே கதையாக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. தெசுகாவின் உதவியாளர்களே அவர் வீட்டில் அமர்ந்து அந்தப் புத்தகங்களைப் படித்தனர். அதைக் கண்டு மனம் குலைந்து மருத்துவரை நாடியதாக அவரே எழுதியிருக்கிறார்.

அவரிடம் பொறாமை இருந்தது. அதை மறைத்து எழுதினால் வாழ்க்கை வரலாறு வாழ்த்துமடலாகிவிடும். 1967-இல் அவர் தொடங்கிய காம் என்ற இதழில், அவரைக் குருவாகக் கொண்ட ஷோதாரோ இஷினோமோரி சொற்கள் மிகக் குறைந்த, கவிதை போன்ற தொடர் ஒன்றை வரைந்தார். இதெல்லாம் மங்காவே அன்று என்ற பொருளில் தெசுகா வாசகர் ஒருவருக்குக் கடிதம் எழுதிவிட்டார். கடிதம் இஷினோமோரி கைக்கு எட்டியது. அவர் தொடரை நிறுத்திக்கொள்கிறேன் என்றார். தெசுகா அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டார். எழுபது வயதுப் புலவர்களுக்கிடையிலும் நாம் காணாத பெருந்தன்மை அது. எழுபது வயதுப் புலவர்களுக்கிடையில் நாம் நன்கு அறிந்த பொறாமையும் அதுவே!

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம்.

1961-இல் மங்காவில் ஈட்டிய பணத்தைக் கொட்டித் தெசுகா படக் கம்பெனி தொடங்கினார். முதல் படம் 1962-இல் வந்த 'ஒரு தெருமுனையின் கதை'. லாப நோக்கமில்லாத, நாற்பது நிமிடத்துக்கும் குறைவான அழகிய சோதனைப் படம். கலைப்படத்தால் ஊழியர்க்குச் சம்பளம் கொடுக்க இயலாது. ஆகவே தொலைக்காட்சியை நாடினார். வாரந்தோறும் அரை மணி நேரம் அணுச் சிறுவன்! ஜப்பானில் எவரும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. செய்ய முடியும் என்று நம்பியவரும் இல்லை.

ஏன் நம்பவில்லை என்பதைச் சற்று விளக்க வேண்டும். திரைப்படச் சுருள் நொடிக்கு 24 கட்டங்கள் ஓடுகிறது. நிறைவான சித்திரப் படத்தில் நொடிக்கு 12 முதல் 24 புதுப் படங்கள் வரைவார்கள். டிஸ்னி அப்படித்தான் செய்தார். தோக்கியோவின் டோயி நிறுவனமும் திரையரங்குப் படங்களை அவ்வழியிலே ஆண்டுக்கு ஒன்றாக எடுத்து வந்தது. வாரம் ஒன்று என்றால் அந்த வேலை ஆகாது. தெசுகாவின் கம்பெனி ஒரு படத்தை மூன்று கட்டங்களுக்கு நிறுத்தியது. நொடிக்கு எட்டே படங்கள். பேசும்போது உதடு மட்டும் அசைந்தது. ஓடும் காட்சி ஒருமுறை வரையப்பட்டுப் பலமுறை பயன்பட்டது. பறக்கும் அணுச் சிறுவனின் படங்களைப் பெட்டியில் அடுக்கி வைத்து, அடுத்த வாரம் வேறு வானத்தின் மேல் வைத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் பெட்டிக்கு வங்கி என்று பெயர்! பொருளியல் மாணவனாகிய எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்துவிட்டது.

அசைவில் விட்டதைக் கதையில் பிடித்தார் தெசுகா. கோணங்கள் மாறின, காட்சிகள் விரைந்தன, எந்திரச் சிறுவன் அழுதான். பிள்ளைகள் மயங்கிப் போயினர். 1964 ஜனவரியில் பார்ப்போர் அளவு நூற்றுக்கு 40-ஐத் தாண்டியது. 1966 இறுதி வரை 193 பகுதிகள் வந்தன. 1963-லேயே அமெரிக்கத் தொலைக்காட்சியும் வாங்கிக்கொண்டது.

ஆனால் விலை? செய்யும் செலவுக்கு மிகவும் கீழே ஒரு விலையைத் தெசுகா ஒப்புக்கொண்டார். ஒரு பகுதிக்கு ஐந்தரை லட்சம் யென் என்று அவரே சொன்னார். உண்மையில் கைக்கு வந்தது அதைவிடக் கூடுதல் என்று பின்னால் வந்த ஆய்வாளர் சிலர் காட்டுகின்றனர். எப்படிக் கணக்கிட்டாலும் செலவுக்குக் குறைவு என்பதில் மாறுபாடு இல்லை. இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் வேறு எவரும் போட்டிக்கு வர அஞ்சுவர் என்று அவர் கருதினார் என்பர். பற்றாக்குறையை மங்கா வருமானமும், சாக்லேட்டுடன் கொடுத்த ஒட்டுப் படமும், பொம்மை உரிமையும் ஈடுகட்டின.

நம் வகுப்பில் இதைத் தடுப்பு விலை என்று படிக்கிறோம். சந்தைக்குள் பிறர் நுழையாதபடி விலையைத் தாழ்த்தி வேலி கட்டுவது. பாடப் புத்தகத்தில் வேலி நிற்கும். தோக்கியோவில் நிற்கவில்லை. அதே 1963 முடிவதற்குள் மூன்று நான்கு போட்டித் தொடர்கள் வந்துவிட்டன. டோயி நிறுவனமும் இறங்கிவிட்டது. நுழைந்தவர் எல்லாரிடமும் விளம்பரதாரர் அந்த ஒரே விலையைக் காட்டினார். வேலியாக நட்டது வரம்பாக முளைத்தது. மங்கா வருமானம் இல்லாத கம்பெனிகள் பற்றாக்குறையை எங்கே ஈடு செய்யும்? வரைபவன் கூலியில்தான்.

நியாயமாகச் சொன்னால், தெசுகா தம் ஊழியரைச் சுரண்டவில்லை. டோயியைவிட நல்ல சம்பளம் கொடுத்தே அங்கிருந்தவர்களை இழுத்தார். அவர்களோடு அமர்ந்து தாமும் இரவெல்லாம் வரைந்தார். அவர் செய்தது வேறு: தம்மால் தாங்க முடிந்த நட்டத்தைத் தாங்க முடியாதவர்களுக்கும் சந்தை விலையாக்கிவிட்டார். 2015-இல் ஜப்பானிய அனிமே கலைஞர் சங்கம் வெளியிட்ட ஆய்வில், இடைச் சித்திரம் வரைவோரின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 11 லட்சம் யென். அந்நாட்டுச் சராசரி ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

இந்த எண் என்னை ஏன் உறுத்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா மகன் சென்னையில் ஒரு கணினிச் சித்திர நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டுப் படங்களுக்குக் கட்டம் கட்டமாக உருவங்களை வெட்டியெடுக்கும் வேலை. பெயர் திரையில் வராது; இரவு பகல் தெரியாது; கூலி காட்சிக் கணக்கு. பொங்கலுக்கு வந்தவன் இரண்டாம் நாளே கிளம்பிவிட்டான். இந்தக் கூலியை யாரடா முதலில் குறித்தது என்று பேருந்து நிலையத்தில் கேட்டேன். யாரோ எப்போதோ ஒத்துக்கிட்டாங்க அண்ணே என்றான். அன்று முதல் நான் தெசுகாவைப் படிக்கலானேன்.

தெசுகாவுக்கும் அந்த விலை ஏறாமல் போகவில்லை. 1965-இல் வெள்ளைச் சிங்கத்தை வண்ணத் தொடராக எடுத்தார், பெரியோருக்கான படங்கள் எடுத்தார், கடன் வளர்ந்தது. 1971-இல் கம்பெனித் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1973-இல் கம்பெனி திவாலாயிற்று. அப்போது அவருக்கு வயது 45. மாணவர் கிளர்ச்சியின் சூட்டில் வளர்ந்த வாசகர்கள் கெக்கிகாவின் பக்கம் போய்விட்டனர். தெசுகா பழையவர், முடிந்தவர் என்பதே பத்திரிகை உலகின் பேச்சு. ஒரு வார இதழின் ஆசிரியர், கடைசி மரியாதையாக இருக்கட்டும் என்ற எண்ணத்தில் சில வாரங்களுக்கு இடம் கொடுத்தாராம்.

அந்த இடத்தில் பிறந்ததுதான் 'பிளாக் ஜாக்'. உரிமம் இல்லாத அறுவை மருத்துவர். முகத்தில் தையல் தழும்பு. செல்வரிடம் கொள்ளை விலை கேட்பார், ஏழைத் தாயின் கண்ணீரை விலையாக ஏற்றுக்கொள்வார். சில வாரத்துக்கு என்று தொடங்கியது இருநூறுக்கு மேற்பட்ட கதைகளாய்ப் பெருகியது. தாம் செய்யாமல் விட்ட தொழிலை அந்த மருத்துவரைக் கொண்டு செய்து பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இதிலும் கண்டனம் இல்லாமல் இல்லை. 1977-இல் மூளை அறுவை சிகிச்சையை நல்லதுபோல் காட்டிய கதைக்கு எதிர்ப்பு எழுந்தது. தெசுகா மன்னிப்புக் கோரினார். அவர் மறைந்த பிறகு, 1990-இல், கறுப்பின மக்களை அவர் வரைந்த முறை இழிவானது என்று எதிர்ப்பு வந்தது. தொகுப்பு நூல்களில் விளக்கக் குறிப்புச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த எதிர்ப்பு முற்றும் நியாயமானது. பழைய கார்ட்டூன்களில் கண்டதை ஆராயாமல் எடுத்துக்கொண்டார் என்பது காரணமாகலாம், சமாதானம் ஆகாது.

1972 முதல் 1983 வரை வரைந்த 'புத்தர்' நான் ஆங்கிலத்தில் முழுதும் படித்த நூல். கபிலவஸ்துவும் மகதமும் கோசலமும் ஒரு ஜப்பானியர் கையில் உயிர் பெறுகின்றன. சித்தார்த்தர் பிறப்பதற்கு முன்பே கதை தொடங்கிவிடுகிறது. அடிமைச் சிறுவன் ஒருவனும் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட சிறுவன் ஒருவனுமே முதலில் நம் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார்கள். இருவரும் கற்பனைப் பாத்திரங்கள். திரிபிடகம் கற்றவர் முகம் சுளிக்கலாம். நடுநடுவே தொலைபேசி வருகிறது, ஆசிரியரே தலைகாட்டுகிறார். இது விளையாட்டா, வேதமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் சாதியின் கொடுமையிலிருந்து புத்தர் கதையைத் தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். அடுத்து வந்த 'அடோல்ஃப்' ஹிட்லர் காலத்துக் கதை. கெக்கிகாக்காரர்கள் கேட்ட அத்தனையும் அதில் இருக்கிறது. எதிர்த்தவர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டு ஐம்பத்தைந்து வயதில் அப்படி ஒன்றை வரைந்தார்.

1988-இல் வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவை நடந்தது. படுக்கையிலும் வரைந்தார். இறுதி நாட்களில் பென்சில் கேட்டார், வேலை செய்ய விடும்படி கேட்டார் என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். மூன்று தொடர்கள் முடியாமல் நின்றன. நாடே அழுதது.

அந்த அழுகையின் நடுவில் ஒருவர் எழுந்து, நான் இந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் ஹயாவோ மியாசாகி. பின்னாளில் ஆஸ்கார் விருது பெற்ற படங்களை எடுத்தவர். தெசுகாவின் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிய அதே 1963-இல் டோயியில் சேர்ந்தவர். இளமையில் தாம் வரைந்ததைப் பார்த்தவர்கள் தெசுகாவைப் போல இருக்கிறது என்று சொன்னதால் அத்தனையையும் எரித்துவிட்டதாக அதில் சொல்கிறார். மங்காவில் தெசுகாவுக்குப் பட்ட கடனை அவர் மறுக்கவில்லை. ஆனால் அனிமேயைப் பற்றித் தெசுகா சொன்னதும் வற்புறுத்தியதும் யாவும் தவறு என்கிறார். மலிவு விலையால் தொழிலே முடமானது என்கிறார். கண்ணீர் வரவழைப்பதற்காகவே ஒரு படத்தின் முடிவில் பாத்திரத்தைச் சாகடிக்கச் சொன்னவர் என்றும் குற்றம் சாட்டுகிறார். அதே மூச்சில், தொலைக்காட்சி அனிமே எப்படியும் ஒருநாள் வந்திருக்கும், விசையை அழுத்திய கை தெசுகாவுடையதாக அமைந்துவிட்டது, அவ்வளவே என்றும் சொல்கிறார்.

இறந்து சில திங்களே ஆன ஒருவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்ட நண்பர்கள் உண்டு. நான் அக்கட்டுரையில் பகையைக் காணவில்லை. மாலை போட்ட நூற்றுக்கணக்கானவர்களில் தெசுகாவின் வேலையை வேலையாக எடுத்துக்கொண்டு எடை போட்டவர் அவரே. ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். அனிமேயைப் பற்றித் தெசுகா எண்ணியது யாவும் தவறு என்பதற்கு எதிராக ஒரு சாட்சி இருக்கிறது. அது தெசுகாவே எடுத்த படம்.

1987-இல் சைக்காவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனிக்கு 'காட்டின் கதை' என்று ஒரு சித்திரப் படம் எடுத்தார். உரையாடல் இல்லை. நான்கு பகுதிகளாகத் திட்டமிட்டு முதலும் நான்காமும் முடித்தார். இரண்டாம் பகுதியை அவர் மகன் 2014-இல் முடித்தார். காட்டை அழிக்க வருகிறார்கள் மரம் வெட்டுவோர். காக்க நிற்கின்றன வனதேவதைகளும் குள்ளர்களும். முதல் பகுதியில் அசையாத படங்களில் தொடங்கி, சித்திரப் படக் கலையின் வரலாறு முழுவதும் படிப்படியாகக் கண் முன் விரிகிறது. நான்காம் பகுதியில் தேவதைகளும் குள்ளர்களும் டிஸ்னியின் பழைய முறையில், ஒவ்வொரு அசைவும் நிறைவாக வரையப்பட்டு நீரோடை போல் இயங்குகிறார்கள். மரம் வெட்டுவோரின் தலைவனுக்கு ஹிட்லரின் மீசை. அவனும் அவன் ஆட்களும் மட்டும் வெட்டி வெட்டி நகர்கிறார்கள்: உடல் மரம் போல் நிற்க, கை மட்டும் ஏறி இறங்க, தொலைக்காட்சித் தொடர்களின் அதே சிக்கன அசைவில்.